7,000 பாட்டு, 44 ஷிப்ட்: தறிச் சத்தத்துக்குள் பாதி கேட்காமல் போன இளையராஜாவைத் தேடிக் கேட்பது எப்படி?

இளையராஜா இசையமைத்த பாடல்கள் ஏழாயிரத்துக்கும் மேல் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஒரு பாட்டுக்குச் சராசரியாக நாலரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 525 மணி நேரம். சாமளாபுரத்துத் தறிக்குடோன் கணக்கில் சொன்னால் 12 மணி நேர ஷிப்ட் 44. கேட்ட பாட்டை மறுபடி கேட்காமல், ஒன்றரை மாதம் ஓட்டலாம்!

ஆனால் நடப்பது என்ன? பென் டிரைவில் இருப்பது இருநூறு பாட்டு. அதுதான் காலையிலும் ஓடுகிறது, இரவு ஷிப்டிலும் ஓடுகிறது. சோமனூர் பஸ்ஸில் ஏறினால் அதே இருநூறில் ஒன்று. போனில் செயலியைத் திறந்தால் 'ராஜா ஹிட்ஸ்' என்று அதே இருநூறை அது எடுத்து நீட்டுகிறது. மீதி ஆறாயிரத்து எண்ணூறு எங்கே போயிற்று?

ராக் இசை உலகத்திலும் இப்படிப்பட்ட ஆட்கள் உண்டு. அமெரிக்காவின் ஃபிராங்க் ஸப்பா உயிரோடு இருந்தபோதே 60 ஆல்பங்களுக்கு மேல் வெளியிட்டவர். ராக், ஜாஸ், ஆர்கெஸ்ட்ரா என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 'இவரை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?' என்பதுதான் அங்கே புதிதாக வருகிற ரசிகர்களின் முதல் கேள்வி. ஆயிரம் படங்களைத் தாண்டிய இளையராஜாவுக்கு அந்தக் கேள்வி இன்னும் பெரிதாகப் பொருந்தும். நமக்குத்தான் அது தோன்றுவதில்லை. பிறந்ததிலிருந்து காதில் விழுகிறவரை 'கேட்க ஆரம்பிப்பது' எப்படி என்று யார் யோசிப்பார்கள்?

யோசிக்க வேண்டிய நேரம் இது. காரணம் கட்டுரையின் பின்பகுதியில் இருக்கிறது. முதலில் தறிக்குள் போவோம்.

தறி எதை விழுங்குகிறது?

பல்லடம், சோமனூர், மங்கலம் என்று விசைத்தறி ஊர்களுக்கு நடுவில், நொய்யல் கரையில் இருக்கிறது சாமளாபுரம் பேரூராட்சி. திருப்பூர் என்றால் பனியன் நினைவுக்கு வரும். ஆனால் இந்தப் பக்கம் தறிதான் வாழ்க்கை. பாவு நூலுக்கு நடுவே ஊடை நூலை இழுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா ஓடும். ஒரு குடோனில் எட்டு, பன்னிரண்டு, இருபத்துநாலு தறி ஒன்றாக ஓடினால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. கையால் சைகை காட்டித்தான் பேசிக்கொள்வார்கள்.

நெசவுக்கூடங்களில் சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அந்தச் சத்தத்துக்கு மேலே ஏறி வருகிற பாட்டுதான் தறிக்காரர்களின் பாட்டு. எந்தப் பாட்டு ஏறி வரும்? எஸ்.பி.பி., ஜானகி, மலேசியா வாசுதேவன் உச்சத்தில் பாடுகிற பல்லவி வரும். தவில் வரும். நாதஸ்வரம் கண்டிப்பாக வரும்.

வராதது எது? பேஸ் கிடார் வராது. சின்ன ஸ்பீக்கரில் அது பாதிதான் ஒலிக்கும், மீதியைத் தறி தின்றுவிடும். பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் பின்னால் இழையும் வயலின்கள் வராது. சரணத்துக்கு முன்னால் ஐந்து விநாடி வந்து போகும் ஒற்றைப் புல்லாங்குழல் வராது. இளையராஜாவின் பாட்டில் பாதி வேலை நடப்பதே இந்த இடங்களில்தான். ஆக, முப்பது வருடமாக ராஜாவைக் கேட்கிற ஒரு தறிக்காரர், உண்மையில் அவருடைய பாட்டில் பாதியைத்தான் கேட்டிருக்கிறார்.

இதற்காக ஹெட்போனை மாட்டிக்கொண்டு சத்தத்தைக் கூட்டுவது தீர்வு இல்லை. 90 டெசிபலை மிஞ்ச வேண்டுமென்றால் காதுக்குள் அதைவிட அதிகமாக வைக்க வேண்டும். வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு. தறி ஓடும்போது ஹெட்போனில் பாட்டு கேட்பவர்கள் இந்த அளவை ஒரே நாளில் தாண்டிவிடுவார்கள். கெட்டுப்போன காது நரம்பு திரும்ப வளராது. முதலில் போவதும் மேல் ஸ்தாயி ஒலிகளைக் கேட்கும் திறன்தான். புல்லாங்குழலும் வயலினும் காது இருந்தும் கேட்காத நிலை வரும்.

எனவே முதல் விதி இதுதான்: தறி ஓடும்போது காதுக்கு அடைப்பான். பாட்டு, தறி நின்ற பிறகு. ஞாயிற்றுக்கிழமை குளத்து மேடு, மொட்டை மாடி, கரண்ட் போன அரை மணி நேரம்... இவைதான் ராஜாவின் மறுபாதியைக் கேட்கிற நேரங்கள்.

கரண்ட் போவதற்கும் ராஜாவுக்கும் முதல் நாளிலிருந்தே உறவு உண்டு. 'அன்னக்கிளி'யின் முதல் பாடல் பதிவு தொடங்கிய நேரத்தில் மின்சாரம் போய்விட்டது, பலர் அதைக் கெட்ட சகுனம் என்றார்கள் என்பது திரையுலகில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் கதை. அந்தப் படம் 1976 மே மாதம் வெளியானது. அதற்குப் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

ஏழு வாசல்கள்

இவ்வளவு பெரிய வீட்டுக்குள் முன்வாசல் வழியாக மட்டும் போனால் கூடத்தோடு நின்றுவிடுவோம். ஏழு வாசல் இருக்கிறது. வாரத்துக்கு ஒன்றாகத் திறக்கலாம்.

வாசல் 1: மண்

எல்லோருக்கும் தெரிந்த வாசல். 'அன்னக்கிளி' (1976), '16 வயதினிலே' (1977), 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979). பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றியவர் இளையராஜா. நாற்று நடும் பாட்டும் தாலாட்டும் ஒப்பாரியும் அவர் நேரில் கேட்டு வளர்ந்தவை.

தெரிந்த பாட்டுதானே என்று தாண்ட வேண்டாம். இந்தப் படங்களின் பாட்டைச் சத்தமில்லாத இடத்தில் ஒருமுறை கேளுங்கள். கிராமத்து மெட்டுக்கு அடியில் மேற்கத்திய முறையில் கோர்த்த ஸ்வரங்கள் போய்க்கொண்டிருப்பது தெரியும். சென்னை வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்ததன் விளைவு அது.

வாசல் 2: கிடார்

ராக், டிஸ்கோ, பாப் பிடிக்கும் இளைஞர்கள் நேராக இங்கே வரலாம். இசையமைப்பாளர் ஆவதற்கு முன் இளையராஜா ஒரு கிடார் கலைஞர். ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்த காலத்தில் சலில் சௌத்ரி போன்றவர்களுக்கும் கிடார் வாசித்திருக்கிறார். அதனால் அவருடைய பாட்டில் கிடார் அலங்காரமாக வந்து போகாது. பாட்டே அதன்மேல் நிற்கும்.

அவருடைய நூறாவது படம் 'மூடுபனி' (1980). அதில் ஜேசுதாஸ் பாடும் கிடார் பாட்டைக் கேளுங்கள். அடுத்து 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தில் எஸ்.பி.பி. பாடிய நிலாப் பாட்டு. அதில் கிடார் வாசித்தவர் ஆர்.சந்திரசேகர். நாற்பது வருடமாக அந்த வாசிப்பைப் பயிற்சி செய்யாத கிடார் மாணவர் தமிழ்நாட்டில் இருக்க மாட்டார். ஆனால் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

தமிழில் ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதல் படம் என்று சொல்லப்படும் 'ப்ரியா' (1978), புத்தாண்டு தோறும் ஒலிக்கும் 'சகலகலா வல்லவன்' (1982), கம்ப்யூட்டர் இசையைக் கொண்டுவந்த 'விக்ரம்' மற்றும் 'புன்னகை மன்னன்' (1986), 'அக்னி நட்சத்திரம்' (1988)... இந்த வரிசையில் கேட்டால் பத்து வருடத்தில் ஒலி எப்படி மாறியது என்பது காதுக்கே தெரியும். ஏ.ஆர்.ரஹ்மான் கீபோர்டு கலைஞராக ராஜாவின் குழுவில் இருந்ததும் இந்தக் காலத்தில்தான்.

கேட்கும் முறை: முதல்முறை பாடகரைக் கேளுங்கள். இரண்டாம் முறை பேஸ் கிடாரை மட்டும் தொடருங்கள். அது பாட்டுக்குத் தாளம் போடுவதில்லை, தனியாக இன்னொரு பாட்டே பாடிக்கொண்டிருக்கும்.

வாசல் 3: ராகம்

'சிந்து பைரவி' (1985), 'சலங்கை ஒலி' என்று தமிழில் வந்த 'சாகர சங்கமம்' (1983), தெலுங்கில் 'ருத்ரவீணா' (1988). மூன்றுமே அவருக்குத் தேசிய விருது வாங்கித் தந்தவை.

'சிந்து பைரவி'யில் கல்யாணி ராகப் பாட்டு ஒன்று முழுக்க ஆரோகண ஸ்வரங்களால் மட்டும் ஆனது. அதாவது ஏறும், இறங்காது. மாடிப்படி ஏறுகிறவர் இறங்காமலேயே வீடு வந்து சேர்வது போன்ற வேலை. அதே படத்தில் தியாகராஜரின் காம்போதி ராகக் கீர்த்தனை ஒன்றை சாரமதிக்கு மாற்றியிருக்கிறார். சங்கீத உலகத்தில் அதற்கு எதிர்ப்பும் இருந்தது, ரசிப்பும் இருந்தது. கர்னாடக சங்கீதம் தெரியாதவர்களும் இந்தப் படத்தில் தைரியமாக நுழையலாம். 'புரியாத பாட்டு எனக்கு எதற்கு?' என்று கதாநாயகி கேட்பதுதானே கதையே!

வாசல் 4: அக்கம்பக்கம்

சாமளாபுரத்திலும் சுற்று வட்டாரத்திலும் தறியிலும் மில்லிலும் பனியன் கம்பெனியிலும் இப்போது ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கும் ராஜாவைத் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு, பெயர் தெரியாமல். 'மூன்றாம் பிறை'யின் இந்தி வடிவமான 'சத்மா' (1983), அமிதாப் பச்சன் நடித்த 'சீனி கம்' (2007), 'பா' (2009) எல்லாம் ராஜா இசைதான்.

ஒரே மெட்டு எத்தனை ஊர் சுற்றியிருக்கிறது என்று பார்க்க ஒரு நல்ல உதாரணம் உண்டு. மலையாளத்தில் 'ஓளங்கள்' (1982) படத்துக்காக ஜானகி பாடிய தும்பிப் பாட்டு. அதே மெட்டு தமிழில் 'ஆட்டோ ராஜா'வில் வருகிறது. தெலுங்கில் 'நிரீக்ஷணா'வில் வருகிறது. கால் நூற்றாண்டு கழித்து இந்தியில் 'பா'வில் குழந்தைகள் பாட்டாக வருகிறது. நான்கையும் வரிசையாகக் கேளுங்கள். மெட்டு ஒன்றுதான். வேகம், கருவி, குரல் மாறும்போது ஒன்றில் ஏக்கமாகவும் இன்னொன்றில் விளையாட்டாகவும் மாறிவிடுகிறது.

கூட வேலை செய்கிற வடமாநிலத் தம்பியோடு ஒரு டீ நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். அவர் இந்திப் பாட்டைப் போடட்டும். நீங்கள் தமிழைப் போடுங்கள். மொழி தெரியாமலேயே அரை மணி நேரம் பேசலாம்.

வாசல் 5: பேச்சில்லாத இடம்

பாடல் கேசட்டுகளில் வராத ராஜா ஒருவர் இருக்கிறார். அவர் பின்னணி இசையில் இருக்கிறார். படத்தை ரீல் ரீலாகப் பார்த்துவிட்டு, கருவி எதையும் வாசித்துப் பார்க்காமல், நேராகத் தாளில் ஸ்வரக் குறிப்பு எழுதி வாத்தியக்காரர்களிடம் கொடுப்பது அவருடைய வழக்கம்.

'மௌன ராகம்' (1986), அவருடைய 400-வது படமான 'நாயகன்' (1987), 'தளபதி' (1991), 'தேவர் மகன்' (1992) ஆகியவற்றைப் பாட்டை விட்டுவிட்டு, காட்சிகளுக்காக ஒருமுறை பாருங்கள். எங்கே இசை வருகிறது என்பதைவிட எங்கே நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். மலையாள 'பழஸிராஜா'வுக்கும் (2009), ஆயிரமாவது படமான 'தாரை தப்பட்டை'க்கும் (2016) அவருக்குக் கிடைத்த தேசிய விருதுகள் பின்னணி இசைக்கானவை.

இந்த வாசலில் ஒரு கவலையும் இருக்கிறது. பாட்டு என்றால் தட்டு, கேசட், சிடி என்று பல பிரதிகள் இருக்கும். பின்னணி இசையில் பெரும்பகுதி படத்தின் ஒலித்தடத்தில், வசனத்தோடு கலந்து மட்டுமே இருக்கிறது. படப்பிரதி போனால் அதுவும் போயிற்று.

வாசல் 6: படம் இல்லாத ராஜா

சினிமா இல்லாமல் ராஜா இருக்கிறாரா? இருக்கிறார். 1986-ல் வந்த 'ஹவ் டு நேம் இட்' ஆல்பம் தியாகராஜருக்கும் ஜெர்மனியின் பாக்குக்கும் சமர்ப்பணம். ஒரு வார்த்தை பாட்டு கிடையாது. வி.எஸ்.நரசிம்மனின் வயலின்தான் பேசுகிறது. பாக் என் வீட்டுக்கு வந்தார், நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம் என்கிற பொருளில் அடுத்தடுத்து இரண்டு இசைத் துணுக்குகள் இருக்கும். கர்னாடக ராகமும் ஐரோப்பிய இசையும் இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல மாறி மாறி வரும்.

1988-ல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. 2005-ல் மாணிக்கவாசகரின் திருவாசகத்தை ஹங்கேரியின் புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்த 'திருவாசகம்'. ரமணருக்காக ஒரு பாமாலை.

தறிக்குடோனில் இந்த ஆல்பங்கள் ஒருபோதும் எடுபடாது. முதல் நிமிடமே சத்தத்தில் கரைந்துவிடும். அதனால்தான் இந்தப் பக்கத்தில் பலர் இவற்றைக் கேட்டதே இல்லை. சாமளாபுரம் குளத்து மேட்டில் சாயங்காலம் உட்கார்ந்து 'ஹவ் டு நேம் இட்' கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. முக்கால் மணி நேரம் போனை நோண்டாமல் இருந்தால் போதும்.

வாசல் 7: புது ராஜா

'தொண்ணூறுகளோடு ராஜா முடிந்துவிட்டார்' என்று சொல்பவர்களை இந்த வாசலுக்கு அழைத்து வரலாம். 'பிதாமகன்' (2003), 'அழகர்சாமியின் குதிரை' (2011), 'நீதானே என் பொன்வசந்தம்' (2012), 'விடுதலை' (2023). கடைசியாக, 2025 மார்ச் 8 அன்று லண்டன் அப்பல்லோ அரங்கில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா வாசித்த அவருடைய சிம்பொனி 'வேலியன்ட்'. அப்போது அவருக்கு வயது 81.

இதே ஆர்கெஸ்ட்ராவோடு அவர் 1993-லும் லண்டனில் ஒரு சிம்பொனி பதிவு செய்தார். அது வெளியாகவே இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக அது ரசிகர்களின் காதுக்கு வரவில்லை.

கேட்க முடியாமல் போகிறவை

ஏன் இப்போதே தேடிக் கேட்க வேண்டும் என்பதற்கான காரணம் இங்கேதான் தொடங்குகிறது.

கேசட் காலம் முடிந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் கேசட்டுகள் மூட்டையாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. பிரபலமான பாட்டுகள் செயலிகளுக்கு ஏறிவிட்டன. ஓடாத படத்தின் பாட்டு? ஒரே ஒரு முறை கேசட்டில் வந்த பக்திப் பாடல்? அவற்றில் பல யாரோ ஒரு ரசிகர் வீட்டு அலமாரியில் மட்டும் இருக்கின்றன. பூஞ்சை பிடித்த டேப் காத்திருக்காது.

அடுத்தது உரிமை. ஒரு சினிமாப் பாட்டில் மூன்று உரிமைகள் இருக்கின்றன. மெட்டு இசையமைப்பாளருடையது, வரி பாடலாசிரியருடையது, பதிவு செய்த ஒலி தயாரிப்பாளர் அல்லது ஆடியோ நிறுவனத்துடையது. பழைய ஒப்பந்தங்கள் எழுதப்பட்டபோது செயலியும் ரிங்டோனும் கிடையாது. அவை யாருக்குச் சேரும் என்பதில்தான் சண்டை. எக்கோ உள்ளிட்ட நிறுவனங்களுக்கும் இளையராஜாவுக்கும் இடையே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்திருக்கின்றன. 2017-ல் மேடைக் கச்சேரி தொடர்பாக எஸ்.பி.பி.க்கு அவர் தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது. 2024-ல் 'குணா' பாட்டைப் பயன்படுத்தியதற்காக 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படக்குழுவுக்குப் போனது.

'பாட்டு எல்லோருக்கும் பொதுதானே, இதற்குப்போய் சண்டையா?' என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. கூலிக்கு நெய்கிற ஊரில் இதைப் புரிந்துகொள்வது கஷ்டமில்லை. காடா துணி நெய்து கொடுத்தவருக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அந்தத் துணி பிறகு எத்தனை கை மாறி, எவ்வளவுக்கு விற்றாலும் நெய்தவருக்கு ஒன்றும் வராது. இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் நீண்ட காலம் அதுதான் நிலை. 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகுதான், தியேட்டருக்கு வெளியே பாட்டு பயன்படும்போது அவர்களுக்கும் பங்கு உண்டு என்பது சட்டத்தில் உறுதியானது. கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்திப் போராடிய சோமனூர், பல்லடம் பகுதி மக்கள் எந்தப் பக்கம் நின்றாலும், கேள்வியின் நியாயம் அவர்களுக்குப் புரியும்.

அதே சமயம், வழக்கு நீள நீள நடுவில் நிற்பவர் ரசிகர். ஒரு செயலியில் இருக்கும் பாட்டு இன்னொன்றில் இருக்காது. நேற்று இருந்தது இன்று காணோம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை 60 ஆண்டு. 'அன்னக்கிளி'யின் ஒலிப்பதிவுக்கே 2036 முடிய வேண்டும். அதுவரை டேப்பும் ரீலும் யார் பொறுப்பில், என்ன நிலையில் இருக்கப்போகின்றன என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, பெயர். கேசட் உறையில் இசை, பாடல், பாடியவர் என்று மூன்று பெயர் இருக்கும். வாசித்தவர்கள் பெயர் பெரும்பாலும் இருக்காது. கிடார் சந்திரசேகர், டிரம்ஸ் புருஷோத்தமன், பேஸ் சசிதரன், கீபோர்டு விஜி மேனுவல், புல்லாங்குழல் அருண்மொழி... ஆயிரக்கணக்கான பாட்டுகளில் நாம் கேட்ட விரல்கள் இவர்களுடையவை. எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்பது அவர்களோடு வேலை செய்தவர்களின் ஞாபகத்தில்தான் அதிகம் இருக்கிறது. ஞாபகம் மனிதரோடு போய்விடும்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

கனடாவில் பிறந்த ராக் பாடகர் நீல் யங், தன் பாட்டு முழுவதையும் காலவரிசையில் அடுக்கி ஒரு இணையக் காப்பகமே வைத்திருக்கிறார். எந்தப் பாட்டு எந்த நாள், எந்த ஸ்டுடியோவில், யார் வாசித்துப் பதிவானது என்று அங்கே பார்க்கலாம். 1993-ல் ஸப்பா இறந்த பிறகும் அவருடைய சேமிப்பு அறையிலிருந்து ஆல்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. மொத்தம் நூறைத் தாண்டிவிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? ராஜா தன் ஆல்பத்தைச் சமர்ப்பித்த இருவரையே எடுத்துக்கொள்வோம். பாக் இறந்து இருநூறு ஆண்டு கழித்து, 1950-ல், வுல்ஃப்காங் ஷ்மீடர் என்பவர் அவருடைய ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளை வரிசைப்படுத்தி எண் கொடுத்தார். இன்று உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் மாணவரும் அந்த எண்ணைச் சொல்லி பாக்கைக் கேட்கிறார்.

தியாகராஜரின் கதை இந்த ஊருக்கு இன்னும் நெருக்கமானது. இன்று நமக்குக் கிடைக்கும் அவருடைய கீர்த்தனைகள் எழுநூறு அளவில். அவர் பாடியவற்றைச் சீடர்கள் எழுதி வைத்ததால்தான் அவ்வளவாவது மிஞ்சியது. அந்தச் சீடர்களில் முக்கியமானவர் வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர். அவருடைய வழியில் வந்த சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப்பட்டன. சௌராஷ்டிரர்கள் பரம்பரையாக நெசவுத் தொழில் செய்பவர்கள். தியாகராஜரின் பாட்டைக் காப்பாற்றித் தந்ததில் நெசவாளர் சமூகத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

நீங்கள் செய்யக்கூடியது

ராஜாவுக்கு அப்படி ஒரு முழுமையான பட்டியல் வர வேண்டும் என்றால் அரசோ, பல்கலைக்கழகமோ, அவர் தரப்போ செய்ய வேண்டும். அதற்குக் காத்திருக்கும்போது வீட்டில் செய்ய முடிந்தவை சில இருக்கின்றன.

* பரணில் கேசட் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். உறையை இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்து வையுங்கள். படத்தின் பெயர், பாடலாசிரியர், வெளியிட்ட நிறுவனம், ஆண்டு எல்லாம் உறையில்தான் இருக்கும். டேப் கெட்டாலும் விவரம் மிஞ்சும்.

* கேசட்டை வெயிலிலும் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். காந்தம் டேப்புக்கு எமன்.

* பூஞ்சை பிடித்த டேப்பை அப்படியே பிளேயரில் போட்டால் டேப்பும் போகும், பிளேயரின் ஹெட்டும் கெடும். தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகு போடுங்கள்.

* அப்பா, பெரியப்பா, மாமா காலத்தில் எந்தப் பாட்டு எப்போது ஊரில் ஓடியது, நோம்பிக்கு எந்தப் பாட்டு போட்டார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஊர்க் கதையும் சேர்த்தே கிடைக்கும்.

* வாரம் ஒரு வாசல். ஒவ்வொரு வாசலிலும் இதுவரை கேட்காத ஒரு பாட்டையாவது பென் டிரைவில் சேருங்கள். செயலி தானாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, படத்தின் பெயரை நீங்களே அடித்துத் தேடுங்கள்.

* போனில் சத்தம் 60 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். தறிக்குள் ஹெட்போன் வேண்டவே வேண்டாம்.

2002-ல் பிபிசி நடத்திய உலக அளவிலான வாக்கெடுப்பில் 'தளபதி'யின் ராக்கம்மா பாட்டு நான்காம் இடம் பிடித்தது. உலகமே ஓட்டுப்போட்ட அந்தப் பாட்டின் வயலின் பகுதியைச் சத்தமில்லாத இடத்தில் முழுதாகக் கேட்டிருக்கிறீர்களா? இல்லையென்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை அதிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒரு வாரத்துக்கு ஒரு ஷிப்ட் நேரம் என்று கேட்டால்கூட, 44 வாரத்தில் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடலாம்.